டிரிகர்மேன்: அமெரிக்கத் தென்மாநில ராப்பில் ஒரு தாளத்தின் பயணம்

மெம்பிஸ் ராப்பையும் நியூ ஆர்லியன்ஸின் ‘பவுன்ஸ்’ இசையையும் அடுத்தடுத்துக் கேட்டால், பாடுவோர் வேறு, பேச்சுவழக்கு வேறு என்றாலும் தாளம் மட்டும் எங்கோ கேட்டதாகப்படும். இரண்டுமே மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர்கள், கறுப்பின மக்களின் இசை தழைத்த மண் என்று காரணம் சொல்லிவிடுவது எளிது. அது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த ஒலி உறவுக்கு வேராக இருப்பது வடக்கே நியூயார்க்கில் வெளியான ஓர் இசைத்தட்டு.

குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த ‘ஷோபாய்ஸ்’ இருவர் குழு, 1986-இல் ப்ரொஃபைல் நிறுவனத்தின் வழியே ‘டிராக் ராப்’ பாடலை வெளியிட்டது. ‘டிராக்நெட்’ என்ற பழைய போலீஸ் தொடரின் முகப்பு இசையைக் கோத்து, அடியாட்களின் கதையைச் சொல்லும் பாட்டு அது. சொந்த ஊரில் பெரிதாக எடுபடவில்லை. தெற்கிலோ, அதில் வரும் ‘டிரிகர்மேன்’ என்ற பாத்திரத்தின் பெயரே பாட்டின் பெயராகிவிட்டது.

தெற்கத்தி டிஜேக்களுக்குக் கதை வேண்டியிருக்கவில்லை. பேச்சு ஓய்ந்து தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடங்கள்தான் வேண்டியிருந்தன. மரக்கட்டைகளைத் தட்டினாற்போல் கலகலக்கும் அந்தச் சிறு ஒலித்துணுக்கும்கூட. ஒரே தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்மேடைகளில் வைப்பார்கள். ஒன்றில் அத்துண்டு ஓடி முடியுமுன் மற்றதைக் கையால் பின்னுக்கு இழுத்துத் தயாராக்குவார்கள். சில நொடித் தாளம் இப்படி இரவு முழுக்க நீளும்.

மெம்பிஸில் ‘கேங்ஸ்டா வாக்’ நடனத்துக்கு அதுவே துணையானது. டிஜே ஸ்பானிஷ் ஃப்ளையின் கேசட்டுகளில் தொடங்கிய இருண்ட ஒலியை டிஜே பால், ஜூசி ஜே ஆகியோர் மேலும் இருட்டாக்கினர். இவர்களது த்ரீ 6 மாஃபியா 1995-இல் ‘மிஸ்டிக் ஸ்டைல்ஸ்’ தொகுப்பைத் தந்தது.

நியூ ஆர்லியன்ஸ் அதே தட்டைக் கொண்டாட்டமாக்கியது. 1991-இல் டிஜே இர்வ் தாளத்தைச் சுழற்ற, எம்சி டி. டக்கர் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுக்க, கூட்டம் பதில் கொடுத்தது. ‘வேர் டே ஆட்’ என்ற அந்தப் பதிவிலிருந்துதான் பவுன்ஸின் வரலாற்றைப் பொதுவாகத் தொடங்குவார்கள். அடுத்து டிஜே ஜிமி. அவரோடு சேர்ந்து அறிமுகமான இளைஞர் ஜுவனைல். 1998-இல் கேஷ் மணி நிறுவனம் வெளியிட்ட அவரது ‘400 டிகிரீஸ்’ தொகுப்பில், மேனி ஃப்ரெஷ்ஷின் இசையமைப்பு பவுன்ஸை நாடு முழுவதும் கொண்டு சென்றது. பவுன்ஸின் வேர் அந்த நியூயார்க் தட்டில் இருப்பதால், என் கணிப்பில், அத்தொகுப்பை நியூ ஆர்லியன்ஸின் தனிச்சொத்தாக மட்டும் பார்ப்பது பிழை.

ஹூஸ்டனை இந்த வரிசையில் சேர்க்க முடியாது. டிஜே ஸ்க்ரூ பாடல்களின் வேகத்தைக் குறைத்து, துண்டாக்கி உருவாக்கிய ஒலிக்கு மூலம் வேறு. ‘தெற்கத்தி ராப்’ என்ற ஒரே பெட்டியில் இவை அனைத்தையும் போடுவதால்தான், ஒத்த ஒலியைத் தேடுபவர் வழி தவறுகிறார்.

2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் மக்களைச் சிதறடித்தபோது, பவுன்ஸும் அவர்களோடு ஹூஸ்டனுக்கும் அட்லாண்டாவுக்கும் குடிபெயர்ந்தது. ஹூஸ்டனில் பிறந்த பியான்சே 2016-இல் வெளியிட்ட ‘ஃபார்மேஷன்’ பாடலில் ஒலித்தது நியூ ஆர்லியன்ஸின் பிக் ஃப்ரீடியாவின் குரல்.

இவ்வொலி பிடித்துப்போனவர்கள் அடுத்து யாரைக் கேட்பது என்று ஊர்ப் பெயரை வைத்துத் தேட வேண்டாம். முதலில் ‘டிராக் ராப்’, பிறகு ‘வேர் டே ஆட்’, அதன்பின் ‘400 டிகிரீஸ்’ என்று இதே வரிசையில் கேளுங்கள்.