பழைய காகிள்ஸைத் தூக்கிப் போடாதீங்க... குறைந்த செலவில் நீங்களே சரிசெய்யலாம்!

சாகுபுரத்திலிருந்து ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கம் மத்தியான வெயிலில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளை வெளேர் என்று மின்னும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு கடல்காற்று மண்ணையும் உப்புத் தூளையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டாலும் கீழ்ப்பக்கமாக உள்ளே வந்துவிடும்.

அதனால்தான் பனியையே பார்க்காத நம்ம ஊர்ப் பசங்க சிலர் 'ஸ்கீ காகிள்ஸ்' போட்டுக்கொண்டு பைக் ஓட்டுகிறார்கள். மணாலி, குல்மார்க் ட்ரிப்பில் வாங்கியது, ஆன்லைனில் செகண்ட் ஹேண்டில் எடுத்தது, வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்தது என்று ஏதோ ஒரு வழியில் கைக்கு வந்திருக்கும். பார்க்க ஸ்டைல், கண்ணுக்கும் பாதுகாப்பு. ஆனால், இரண்டு வருஷம் அலமாரியில் கிடந்தால் ஃபோம் பொடிப்பொடியாக உதிரும், ஸ்ட்ராப் தொளதொளவென்று ஆகிவிடும், லென்ஸுக்குள் பனி படர்ந்த மாதிரி ஆவி நிற்கும். உடனே குப்பையில் போட வேண்டுமா? வேண்டாம். இதில் பெரும்பாலான பிரச்னைகளை வீட்டிலேயே சரிசெய்யலாம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்ட்ராப், ஃபோம், ஃபிரேம் மூன்றையும் ரிப்பேர் பண்ணலாம். லென்ஸ் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது.

பனிக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்?

கண்ணுக்குக் கெடுதல் செய்வது வெளிச்சம் மட்டுமல்ல, அதோடு வரும் புற ஊதாக் கதிர்களும்தான். இவை மேலிருந்து மட்டும் வருவதில்லை, தரையில் பட்டுத் திரும்பியும் வரும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, புதிதாக விழுந்த பனி 80 சதவிகிதம் வரை புற ஊதாக் கதிர்களைத் திருப்பி அனுப்பும். கடல் நுரை சுமார் 25 சதவிகிதம், உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவிகிதம். பனிப்பிரதேசத்தில் கண்ணாடி இல்லாமல் சுற்றினால், சில மணி நேரத்தில் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல எரியும், தண்ணீர் கொட்டும். 'பனிக் குருடு' என்பார்கள். வடதுருவப் பகுதியில் வாழும் இன்யூட் மக்கள் கண்ணாடி வருவதற்கு முன்பே எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீறல் போட்டு, அதையே காகிள்ஸாகக் கட்டிக்கொண்டார்கள்.

நம்ம ஊர் உப்பளங்களில் வருஷத்தில் பல மாதங்கள் வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி வரும். ஒரே நாளில் தெரியாது. வருஷக்கணக்கில் வெயிலும் காற்றும் தூசியும் பட்டு, கருவிழி ஓரத்தில் சதை வளரும். கண்புரை வருவதற்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். அதனால் காகிள்ஸ் இங்கே ஃபேஷன் பொருள் இல்லை. உங்கள் வீட்டில் அம்மாவோ அப்பாவோ உப்பளத்துக்குப் போகிறார்கள் என்றால், நீங்கள் சரிசெய்யும் பழைய காகிள்ஸ் அவர்களுக்கும் உதவும்.

முதலில் லென்ஸை செக் பண்ணுங்க

ரிப்பேரில் காசு போடுவதற்கு முன் லென்ஸ் தேறுமா என்று பாருங்கள். பெரும்பாலான காகிள்ஸ் லென்ஸ் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். இது இயல்பாகவே புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுக்கும். ஆனால், ரோட்டோரம் விற்கும் மலிவான கறுப்புக் கண்ணாடி எல்லாம் இதே பொருளில் செய்ததாக இருக்காது. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே போடாததைவிட மோசமாகக்கூட ஆகலாம். இருட்டில் கண்மணி விரியும், அதன் வழியாகக் கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும்.

வீட்டில் ஒரு சின்ன டெஸ்ட். கள்ளநோட்டு பார்க்கும் யு.வி. டார்ச்சை 500 ரூபாய் நோட்டின் எண்கள் மேல் அடியுங்கள், பளிச்சென்று ஒளிரும். இப்போது டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவில் லென்ஸை வையுங்கள். ஒளிர்வது நின்றுபோனால் அல்லது நன்றாக மங்கினால் லென்ஸ் வேலை செய்கிறது. அப்படியே ஒளிர்ந்தால் அந்த லென்ஸை வெயிலுக்கு நம்ப வேண்டாம். டார்ச்சை நேராகக் கண்ணில் அடித்துப் பார்க்காதீர்கள். இது தோராயமான டெஸ்ட்தான். சந்தேகம் இருந்தால், யு.வி. மீட்டர் வைத்திருக்கும் கண்ணாடிக் கடையில் கொடுத்துப் பார்க்கலாம்.

லென்ஸில் விரிசல் இருந்தாலோ, கல்லடி பட்டிருந்தாலோ, பார்வைக்கு நேராக ஆழமான கீறல் இருந்தாலோ அதை மாற்றத்தான் வேண்டும். அதே மாடலுக்குத் தனியாக லென்ஸ் கிடைக்கிறதா என்று ஆன்லைனில் தேடுங்கள். முழு காகிள்ஸ் வாங்குவதைவிடச் செலவு குறையும்.

துடைப்பதற்கு முன் கழுவுங்க

கீறல் விழுவதற்கு முக்கியக் காரணமே நாம் துடைக்கும் விதம்தான். நம்ம ஊர்க் காற்றில் வரும் உப்பும் மணலும் லென்ஸில் ஒட்டியிருக்கும். அதன் மேல் சட்டை நுனியை வைத்துத் தேய்த்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு கரைந்து போய்விடும். பிறகு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு விரல் நுனியால் மெதுவாகத் தடவி, மறுபடி அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

லென்ஸின் உள்பக்கத்தில் ஆவி படியாமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும். அதைத் தேய்க்கவே கூடாது. ஈரம் இருந்தால் ஒற்றி எடுத்துவிட்டு நிழலில் காயவிடுங்கள்.

கிட்டவே கொண்டுபோகக் கூடாதவை: பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், கொதிக்கும் தண்ணீர். 'டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் போய்விடும்' என்று வரும் வீடியோக்களையும் நம்பாதீர்கள். கீறலோடு சேர்த்து லென்ஸின் பாதுகாப்புப் பூச்சும் போய்விடும்.

ஃபோம் உதிர்ந்துவிட்டதா?

பழைய காகிள்ஸில் முதலில் கெடுவது இதுதான். சூடும் ஈரக்காற்றும் சேர்ந்தால் ஃபோம் பிசுபிசுத்து, பிறகு பொடியாகிவிடும். சரிசெய்யும் முறை இது:

1. முடிந்தால் லென்ஸைக் கழற்றித் தனியாக வையுங்கள். பழைய ஃபோமை விரலாலும் பழைய ஏ.டி.எம். கார்டாலும் சுரண்டி எடுங்கள்.

2. மிச்சமிருக்கும் பசை மேல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விடுங்கள். ஊறியதும் துடைத்துவிட்டு, எண்ணெய் போக சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். எண்ணெய் இருந்தால் புதிய ஃபோம் ஒட்டாது.

3. ஃபிரேமை ஒரு பேப்பர் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டுங்கள். இதுதான் உங்கள் அளவு.

4. சோபா, சீட் கவர் தைக்கும் கடைகளில் சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் மிருதுவான ஃபோம் துண்டு கேளுங்கள். வெட்டுத் துண்டாகவே கிடைக்கலாம். பேப்பர் அளவுக்கு வெட்டி, நல்ல டபுள் சைடு டேப்பால் ஒட்டுங்கள்.

5. ஃபிரேமின் மேலும் கீழும் இருக்கும் காற்றுத் துளைகளைக் கனமான ஃபோம் வைத்து அடைத்துவிடாதீர்கள். அங்கே மெல்லிய, காற்று புகும் ஃபோம்தான் வேண்டும். துளை அடைபட்டால் இரண்டே நிமிஷத்தில் ஆவி படிந்துவிடும்.

ஸ்ட்ராப் தொளதொளத்தால்...

இதுதான் இருப்பதிலேயே ஈஸி. பழைய ஸ்ட்ராப்பை எடுத்துக்கொண்டு தையல் பொருள்கள் விற்கும் கடைக்குப் போங்கள். அதே அகலத்தில் எலாஸ்டிக் கேட்டு வாங்கி, பழைய கொக்கிகளை மாட்டி, டெய்லரிடம் இரண்டு தையல் போடச் சொல்லுங்கள். ஹெல்மெட்டுக்கு மேல் மாட்டுவதாக இருந்தால் அதற்கேற்ற நீளம் வேண்டும். தலையில் மாட்டி அளந்துவிட்டு வெட்டுங்கள்.

ஃபிரேம் உடைந்தால்...

கொக்கி மாட்டும் இடம் விட்டுப்போனால், இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்சி பசை போடலாம். வளையும் ஃபிரேம் கிழிந்திருந்தால் பசை நிற்காது. ஊசியைச் சூடாக்கி இரண்டு பக்கமும் சின்னத் துளைகள் போட்டு, தூண்டில் நரம்பால் தைத்துவிடுங்கள். தூத்துக்குடிக் கரையில் அந்த நரம்புக்குப் பஞ்சமா என்ன!

ஒரு எச்சரிக்கை: உடனே ஒட்டும் சூப்பர் க்ளூவை லென்ஸ் மாட்டியிருக்கும்போது பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு போகாது.

இரட்டை லென்ஸுக்குள் ஈரம் புகுந்தால்...

ஸ்கீ காகிள்ஸில் பெரும்பாலும் இரண்டு லென்ஸ்கள், நடுவில் காற்று இடைவெளி இருக்கும். ஆவி படியாமல் தடுப்பதே இந்த இடைவெளிதான். ஓரத்தில் சீல் விட்டுப்போனால் ஈரம் நடுவில் போய் நிற்கும். புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள் நாலைந்தோடு காகிள்ஸை மூடிய டப்பாவில் இரண்டு, மூன்று நாள் வையுங்கள். ஈரம் போனதும், சீல் விட்ட இடத்தில் 'நியூட்ரல்' வகை சிலிகான் மெல்லிசாகத் தடவுங்கள். வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் வேண்டாம். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைக்காதீர்கள், லென்ஸ் வளைந்துவிடும்.

எங்கே போடலாம், எங்கே கூடாது?

*பைக்:* பகலில் ஓகே. ஆனால், மிகக் கறுப்பான நான்காம் வகை லென்ஸ் 3 முதல் 8 சதவிகித வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். அதைப் போட்டு வண்டி ஓட்டவே கூடாது. சாயங்காலம் இருட்டியதும் எந்தக் கறுப்பு லென்ஸானாலும் கழற்றிவிடுங்கள்.

*கெமிக்கல் வேலை:* சாகுபுரம் என்றாலே காஸ்டிக் சோடா ஆலைதான் நினைவுக்கு வரும். அந்த மாதிரி இடங்களில் நீங்கள் வீட்டில் ரிப்பேர் செய்த காகிள்ஸ் கூடவே கூடாது. காற்றுத் துளை வழியாக ஒரு சொட்டு தெறித்தாலே போதும், பார்வை போய்விடும். வலுவான காரம் பாலிகார்பனேட்டையும் அரிக்கும். அங்கே கெமிக்கல் தெறிப்பைத் தடுக்கும் தரச்சான்று பெற்ற காகிள்ஸ்தான் போட வேண்டும். அதைக் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. முன்பு நடைமுறையில் இருந்த 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 35-வது பிரிவே கண் பாதுகாப்புக்காக எழுதப்பட்டிருந்தது. கான்ட்ராக்ட் வேலை என்றாலும் கேட்டு வாங்குங்கள், கீறல் விழுந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். தவறிக் கண்ணில் பட்டுவிட்டால், யாரையும் தேடாமல் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

*கடலுக்கு அடியில்:* முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனாலும், சங்கு குளிப்பவர்கள் இன்றும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்கள் போடுவது மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க். அதற்குக் காரணம் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. மாஸ்க்குக்குள் மூக்கு வழியாகக் காற்று விட்டால்தான் உள்ளே அழுத்தம் சமமாகும். மூக்கை மூடாத காகிள்ஸோடு ஆழத்துக்குப் போனால் அது கண்ணை உறிஞ்சும், ரத்த நாளம் வெடிக்கும். எனவே ஸ்கீ காகிள்ஸோ, நீச்சல் காகிள்ஸோ போட்டு ஆழத்தில் இறங்க வேண்டாம். மாஸ்க்கில் இருப்பது டெம்பர்டு கண்ணாடி. டூத் பேஸ்ட் போட்டுக் கழுவலாம் என்பது இதற்கு மட்டும்தான் பொருந்தும், பிளாஸ்டிக் லென்ஸுக்கு இல்லை.

நீண்ட நாள் உழைக்க...

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓர் அலசு. நிழலில் காயவைத்த பிறகே உறையில் போடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் ஃபோமில் பூஞ்சை வரும், அது கண் இமையில் தொற்றை உண்டாக்கும். உறை இல்லையா? பழைய காட்டன் காலுறை போதும். பைக் டேங்க் மேலேயும், வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள். லென்ஸ் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைக்காதீர்கள். ஒருவர் காகிள்ஸை இன்னொருவர் போட வேண்டியிருந்தால், சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகு கொடுங்கள். 'மெட்ராஸ் ஐ' சீஸனில் அதுவும் வேண்டாம்.

ஃபோம், எலாஸ்டிக், டேப் எல்லாம் சேர்த்தாலும் புது ஸ்கீ காகிள்ஸ் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். மிச்சமான காசில், வெயிலில் நிற்கும் வீட்டுப் பெரியவருக்கு ஒரு நல்ல யு.வி. கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். காகிள்ஸுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும், கண்ணுக்குக் கிடைக்காது!