நோயாளரை மையமாகக் கொண்ட மனநலப் பராமரிப்பு: சேலம், நாமக்கல் மாவட்டங்கள்

மனநோயுற்ற ஒருவருக்குத் தம் வாழ்வைப் பற்றிய அபிப்பிராயமும், தமக்குச் செய்யப்படும் வைத்தியத்தைப் பற்றிச் சம்மதமோ மறுப்போ சொல்லும் உரிமையும் உண்டு என ஏற்று, அவருடைய தொழிலுக்கும் குடும்ப நிலைக்கும் நம்பிக்கைக்கும் இசையச் சிகிச்சையை அமைத்துக்கொள்ளும் முறை நோயாளர் மையப் பராமரிப்பு எனப்படும். இக்கருத்து மேனாட்டு மருத்துவத்தில் வேரூன்றியதற்கு அமெரிக்க உளவியலார் கார்ல் ரோஜர்ஸ் 1951இல் வெளியிட்ட நூலையும், இங்கிலாந்தில் எனிட் பாலிண்ட் 1969இல் எழுதியதையும் காரணமாகச் சொல்வர்.

சேர்வராயன், கொல்லி முதலிய மலைகளுக்கும் காவிரிக்கும் இடையே பரந்து கிடக்கும் இச்சமவெளி, 1997 சனவரி 1ஆம் நாள் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை, சேலம் என்ற ஒரே பெயரால் வழங்கி வந்தது. இங்கிருந்து மனநோய்க்கென அரசு நடத்தும் மருத்துவமனையை நாடுவோர் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் பிரயாணம் செய்து சென்னைக் கீழ்ப்பாக்கத்துக்கே போக வேண்டியிருந்தது. 1794இல் தோன்றி, 1871இல் இப்போதுள்ள இடத்துக்கு மாறிய அந்த ஸ்தாபனத்துள், 1912ஆம் ஆண்டின் சட்டப்படி, நீதிபதியின் உத்தரவோடு சேர்க்கப்பட்டவர் பலர். அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. சட்டத்தின் முதற் கவலை ஊரின் பாதுகாப்பாக இருந்ததே இதற்குக் காரணம்.

இந்நிலை மாறத் தொடங்கிய இடங்களுள் வேலூரை அடுத்த பாகாயம் தனியாகக் குறிப்பிடத் தக்கது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் முயற்சியால் அங்கே ஏற்பட்டபோது, நோயாளியோடு உறவினர் ஒருவரும் உடன் தங்கிச் சமைத்துக் கொடுத்து, நோயின் இயல்பையும் மருந்தின் பயனையும் கற்றுக்கொண்டு வீடு திரும்பும் ஏற்பாடு கைக்கொள்ளப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984இல் ஸ்கார்ஃப் என்னும் ஆய்வு நிறுவனத்தை ஏற்படுத்தி, நோய் தணிந்தவருக்கு வேலையும் மதிப்பும் தேடித் தருவது வைத்தியத்தின் பகுதியே என்று நிலைநாட்டினார்.

ஆயினும் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் விடுதி ஒன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். எழுந்து ஓட முடியாமல் எரிந்தவர்களின் அந்த மரணத்தை நினைக்குந்தோறும் நெஞ்சு பதறுகிறது. 2017இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்விதத்திலும் சங்கிலியிடுதலைத் தடை செய்தது. மயக்க மருந்தின்றி மின்னதிர்ச்சி கொடுப்பதையும் வற்புறுத்தித் தலையை மழிப்பதையும் விலக்கியது. சொந்த உடையை உடுத்திக்கொள்ளும் உரிமையையும் வழங்கியது. உடை விஷயம் அற்பமன்று: சீருடை மாட்டப்பட்ட கணத்திலேயே தம் பெயர் போய்விட்டதாக உணர்ந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

1982இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலத் திட்டம், கர்நாடகத்துப் பெல்லாரியில் பரீட்சிக்கப்பட்டு, 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாக உருப்பெற்றது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிராப்பள்ளி அதில் இடம்பெற்றது. இன்று எல்லா மாவட்டங்களும் இடம்பெற்றுள்ளன. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவும், நாமக்கல்லில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இப்பணிக்கு உரியவை. மாவட்டத் திட்டத்தின் மருத்துவக் குழு குறித்த நாள்களில் தாலுகா மருத்துவமனைகளுக்குச் செல்வது இதன் நடைமுறை. ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழக்காமல் மருந்து பெற முடிகிறதென்றால் அதுவே பெரும் உபகாரம்.

இப்பகுதியினர் மனநல மருத்துவரைப் பெரும்பாலும் 'நரம்பு டாக்டர்' என்பர். அவரிடம் வருமுன், காற்றுக் கருப்பென்றும் செய்வினையென்றும் எண்ணி மந்திரித்துக் கயிறு கட்டியிருப்பர். காவிரிக்கரையில் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கியும் வந்திருப்பர். அந்நம்பிக்கையைப் பழிப்பவர் நோயாளியையே இழந்துவிடுகிறார். கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரையும் உள்ளே போகட்டும் என்பதே அனுபவமுள்ள வைத்தியர் வழி. ஓ.பி. சீட்டோடு உள்ளே வந்ததும் உடன் வந்தவர்தாம் முதலில் பேசுவார்: "ராத்திரியெல்லாம் தூங்கறதில்லைங்க, தனியாப் பேசிக்கறாங்க." அதை முழுதும் கேட்டபின், நோயாளியின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்னங்க தொந்தரவு, நீங்க சொல்லுங்க" என்று மருத்துவர் கேட்பதும், பதில் வரும் வரை மௌனமாகக் காத்திருப்பதும் சிறு காரியமாகத் தோன்றினும், நோயாளர் மையப் பராமரிப்பின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

மருந்தைத் தேர்வதிலும் தொழில் குறுக்கிடும். நாமக்கல் லாரி ஓட்டுநரிடமும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியோடு வடக்கே பல மாதம் தங்குபவரிடமும், பள்ளிபாளையத்தில் இராத்திரித் தறி ஓட்டுபவரிடமும், தூக்கத்தை மிகுவிக்கும் மாத்திரையைக் கொடுத்து வேளை தவறாமல் விழுங்கச் சொன்னால், அவர்கள் அதை நிறுத்திவிடுவது பிடிவாதத்தால் அன்று, பிழைப்பைக் கருதியே. வாரக்கணக்கில் நின்று வேலை செய்யும் ஊசி மருந்து அத்தகையோரிற் சிலருக்குப் பொருந்தும். இருதுருவ நோய்க்குக் கொடுக்கும் லித்தியம், உடலில் நீரும் உப்பும் குறையும்போது இரத்தத்தில் பெருகி நஞ்சாவது. ஆதலால் சேகோ மில் களத்தில் குச்சிக்கிழங்கு மாவு உலர்த்தும் பெண்ணிடம், சித்திரை வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் அம்மா என்று கேட்பதும், கை நடுக்கமோ வாந்தியோ கண்டால் உடனே வரச் சொல்வதும், இரத்தப் பரிசோதனையைப் போலவே இன்றியமையாதவை. வால்புரோயேட் என்னும் மருந்து கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும் என்பதால், கல்யாணம் நிச்சயமாகும் நிலையிலுள்ள பெண்ணிடம் அதை மறைக்காமல் பேசியாக வேண்டும். சம்பந்தம் தட்டிப்போகும் என்றஞ்சிக் குடும்பத்தார் நோயை மறைப்பதும், புகுந்த வீட்டில் மாத்திரையை நிறுத்தியதால் நோய் மீள்வதும் இங்கே அடிக்கடி கேட்கும் துயரம். சட்டம் நோயின் இரகசியத்தை நோயாளிக்கே உரிமையாக்கியிருக்கிறது.

நாமக்கல், இராசிபுரம் வட்டாரத்தின் விடுதிப் பள்ளிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகப் பயிலும் பிள்ளைகளின் மனச்சோர்வும் இப்பராமரிப்புக்குள் வரவேண்டியது. 2022 அக்டோபரில் தொடங்கிய, 14416 என்ற எண்ணுள்ள மனநலத் தொலைபேசிச் சேவை இரவிலும் பகலிலும் அவர்களுக்குக் கிடைக்கிறது.

தம் அறிவு தெளிவாயிருக்கும் காலத்தில், பின்னொரு நாள் நோய் முற்றினால் எவ்வித வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்க, வயது வந்த எவருக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. தமக்காகப் பேசும் பிரதிநிதியையும் அவரே நியமிக்கலாம். அப்பிரதிநிதி கணவனாகவோ தந்தையாகவோ இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அண்ணன், தோழி, பக்கத்து வீட்டு அக்கா என யாரை நம்புகிறாரோ அவரைக் குறிக்கலாம். குறித்தவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.