இருபுறமும் முகமான துணி: பஞ்சாபின் மணப்போர்வை முதல் எழுத்திட்ட துப்பட்டா வரை

2018 நவம்பரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் நடந்த தன் திருமணத்தில் நடிகை தீபிகா படுகோன் அணிந்த சிவப்புத் துப்பட்டாவின் ஓரத்தில், தேவநாகரி எழுத்தில் ‘சதா சௌபாக்யவதி பவ’ என்ற வாழ்த்து தைக்கப்பட்டிருந்தது. நம் வீடுகளில் ‘தீர்க்க சுமங்கலி பவ’ என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே வகை ஆசி. வடிவமைத்தவர் கொல்கத்தாவின் சப்யசாச்சி முகர்ஜி. அதன் பின் பெயரும் தேதியும் மந்திரமும் எழுதிய துப்பட்டாக்கள் மணப்பெண் உடையில் பெருகின. ‘பேசும் துப்பட்டா’ நம் காலத்தின் கண்டுபிடிப்பு என்ற எண்ணமும் வேர்விட்டது. அது சரியல்ல என்பதே என் வாதம். மணப்பெண்ணின் தலைத்துணி நெடுங்காலமாகப் பேசிவருகிறது. மாறியிருப்பது, அந்தப் பேச்சு யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதுதான். இதைக் காட்ட, பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபின் ‘புல்காரி’யை விடச் சிறந்த சான்று இல்லை.

புல்காரி என்றால் பூவேலை. கையால் நூற்ற பருத்தி நூலில் நெய்த கதர்த்துணியைச் செங்காவி நிறத்தில் தோய்த்து, அதன்மேல் முறுக்கேற்றாத பட்டிழையால் தைப்பார்கள். வீட்டுத்தறியின் அகலம் குறைவு என்பதால் இரண்டு மூன்று பட்டைகளை இணைத்தே ஒரு போர்வை ஆகும். ‘துப்பட்டா’ என்ற சொல்லும் இரண்டு பட்டைத் துணி என்ற பொருளில் பிறந்ததுதான். துணியில் கோலம் எதுவும் வரைந்துகொள்வதில்லை. பின்புறத்திலிருந்து இழைகளை எண்ணி எண்ணி ஊசியை ஓட்டுவார்கள். அதனால் முன்புறத்தில் நீண்ட பட்டிழைகள் படிந்து ஒளிரும். பின்புறத்தில் சிறு புள்ளிகள் மட்டுமே எஞ்சும். கதரே தெரியாமல் முழுப்பரப்பையும் பட்டால் மூடினால் அதற்கு ‘பாக்’, அதாவது தோட்டம், என்று பெயர். கண்ணேறு படாதிருக்க ஒரு மூலையில் நிறம் மாற்றி ஒரு சிறு பூ வைப்பதும் உண்டு. ஆனால் மணமகளின் வளையல் சடங்கின்போது போர்த்துகிற ‘ச்சோப்’ இந்த ஒருபுறத் தையல் வழக்கத்துக்கு மாறுபட்டது. வழக்கப்படி அதைத் தைத்துக் கொடுப்பவர் தாய்வழிப் பாட்டி. பொன்மஞ்சள் இழை ஒன்றே நிறம். நீள ஓரங்களில் முக்கோணங்கள் அணிவகுக்கும். அதன் தையல் முன்னும் பின்னும் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். எளிய தையல் கைவசம் இருக்க, இந்த ஒரு துணிக்கு மட்டும் அரிய தையலை ஏன் தேர்ந்தார்கள்? போர்வையின் ஒரு புறம் ஊரைப் பார்க்கிறது. மறுபுறம் உள்ளே நிற்கும் பெண்ணின் கண்ணருகே இருக்கிறது. ஊர் காணும் அழகை அவளும் குறைவின்றிக் காண வேண்டும் என்று நினைத்த கை அது என்று நான் கொள்கிறேன்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். பாட்டியின் அன்பில் விளைந்த, சந்தையறியாத கலை என்பதே பிற்காலக் கற்பனை என்று வரலாற்றாய்வாளர் மிஷெல் மாஸ்கியல் 1999இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். புல்காரி 19ஆம் நூற்றாண்டிலேயே விலைக்குப் போனது உண்மை. பஞ்சாபில் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஃப்ளோரா ஆனி ஸ்டீல் 1888இல் புல்காரி பற்றி எழுதியபோதே, ஐரோப்பியர் வாங்கத் தொடங்கியதால் வேலைப்பாடு சீர்குலைவதை எண்ணி வருந்தினார். திரைச்சீலைக்கும் மேசைவிரிப்புக்கும் அது அப்போதே போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளும் அது தூய அன்பின் அடையாளமாக மட்டும் இருந்துவிடவில்லை. சீதனத்தில் எத்தனை பாக் வந்தன என்று உறவினர் எண்ணிப் பார்த்தார்கள். மணமகன் வீட்டார் தம் பங்குக்கு ‘வரி தா பாக்’ தைத்து வைத்திருந்து, வீட்டுக்கு வரும் மருமகளுக்குப் போர்த்தினார்கள். பெருமை காட்டுதல் அன்றும் இருந்தது. இவை அனைத்தையும் ஏற்கிறேன். ஆயினும் என் வாதம் பாட்டியின் மனநிலையை நம்பி நிற்கவில்லை. தையலை நம்பி நிற்கிறது. காட்சிக்கு மட்டும் என்றால் ஒருபுறத் தையலே போதும். உட்புறத்துக்கும் அதே உழைப்பைச் செலவிட்டதற்கு, அணிபவளையும் பார்வையாளராகக் கணக்கில் எடுத்ததைத் தவிர வேறு விளக்கம் எனக்குப் புலப்படவில்லை.

1947 இந்தத் தொடர்ச்சியை அறுத்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்து பெயர்ந்தவர்கள் தூக்கிச் செல்ல முடிந்ததை மட்டும் கொண்டுசென்றார்கள். கதரின் இடத்தில் ஆலைத்துணி வந்தது. மணப்பெண் உடையோ ஜரிகையும் மணியும் நிறைந்த ஸர்தோஸி லெஹங்காவின் பக்கம் சாய்ந்து, தொழிற்கூடங்களின் கைக்குப் போனது. 2018 டிசம்பரில் ஜோத்பூரில் நடந்த பிரியங்கா சோப்ராவின் திருமணத்துக்கு அமெரிக்க நிறுவனமான ரால்ஃப் லாரன் 75 அடி நீள முகத்திரை செய்து தந்தது. அதே திருமணத்தின் சிவப்பு உடைக்கு, 110 பூத்தையல் கலைஞர்கள் 3,720 மணி நேரம் உழைத்ததாக சப்யசாச்சி நிறுவனம் அறிவித்தது. இந்தக் கணக்கு என்னை நெருடுகிறது. ச்சோப் தைத்தவரை மணமகள் உறவுமுறை சொல்லி அழைத்தாள். இங்கே தைத்தவர் எண்ணிக்கையாகவே நிற்கிறார். உழைப்பு மறைக்கப்படவில்லை, விளம்பரமே ஆகிறது. ஆனால் உழைத்தவரின் பெயர் அதில் இல்லை.

இப்போது தீபிகாவின் துப்பட்டாவில் இருந்த அந்த வாழ்த்துக்கு வருவோம். ‘பவ’ என்பது முன்னிலை ஏவல்: ‘நீ அப்படி இரு’ என்பது. வாயால் சொல்லும்போது அது பெரியவரிடமிருந்து மணமகளின் செவிக்குப் போகிறது. தலைத்துணியின் ஓரத்தில் தைத்ததும் திசை மாறிவிடுகிறது. யாரை விளித்ததோ அவளால் அதைப் படிக்க முடியாது. உள்ளிருந்து பார்த்தால் எழுத்து இடவலம் புரண்டே தெரியும். படிப்பவர் எதிரே நிற்பவர், அதிலும் முதன்மையாகக் கேமரா. துணியில் எழுதுவது பழைய வழக்கம்தானே, இறைநாமம் அச்சிட்ட நாமாவளிச் சால்வையும் குர்ஆன் வசனங்கள் எழுதிய காப்புச் சட்டையும் இந்தியாவில் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். ஆனால் நாமாவளி இறைவனை நோக்கியது. காப்புச் சட்டையின் ஆற்றல் வசனம் உடலோடு ஒட்டியிருப்பதில் இருந்தது; பிறர் படித்தாலும் படிக்காவிட்டாலும் அது குறையாது. படிக்கப்படுவதற்காகவே மணப்பெண்ணின் நெற்றிக்கு மேல் எழுத்து வந்தது நிழற்படக் காலத்தின் தேவை.

இதை வீழ்ச்சி என்று மட்டும் எழுதி முடிக்க எனக்கு மனமில்லை. 2021 நவம்பரில் சண்டிகர் அருகே நடந்த நடிகை பத்ரலேகாவின் திருமணத் துப்பட்டாவும் சப்யசாச்சியுடையதே. அதன் ஓரத்தில் வங்காள எழுத்து. என் உயிர் நிறைந்த அன்பை உனக்கு ஒப்படைக்கிறேன் என்பது அதன் பொருள். ஒப்படைத்தல் என்ற சொல்லை ஏற்பதா என்பது தனி விவாதம். இலக்கணத்தைக் கவனியுங்கள்: மூன்றாண்டில் முன்னிலை தன்மையாக மாறிவிட்டது. பாட்டியின் முக்கோணங்களிலும் பெரியவர்களின் ‘பவ’விலும் மணமகள் கேட்பவளாக இருந்தாள். இந்த வரியில் வினைமுற்றுக்கு உரியவள் அவளே, அதுவும் தன் தாய்மொழியில். துணி இன்னும் வெளியே பார்த்துத்தான் நிற்கிறது; ஆனால் அங்கிருந்து பேசுவது அவள் குரல்.