ஓசி பிட்களின் கதை: லிஸ்ப் தன் மதிப்புகளுக்கு முத்திரை குத்திய சரித்திரம்

சி மொழி படித்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஒரு வேரியபிளை இன்டிஜர் என்று அறிவித்துவிட்டால் அது கடைசி வரை இன்டிஜர். அந்த விவரம் கம்பைலருக்குத்தான் தெரியும். புரோகிராம் ஓடும்போது மெமரியில் இருப்பது வெறும் 0-வும் 1-ம். லிஸ்ப் மொழியில் கதையே வேறு. ஒரு வேரியபிளில் இப்போது எண் இருக்கும், அடுத்த வரியில் அதிலேயே ஒரு பட்டியல் வந்து உட்காரும். ஆக, "நான் எண்", "நான் பட்டியல்" என்று மதிப்பே சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த முத்திரையை (டேக் என்பார்கள்) எங்கே குத்துவது? கேள்வி சின்னதுதான், ஆனால் இதற்குப் பின்னால் அறுபது வருடத்துக்கு மேலான சரித்திரம் இருக்கிறது.

நம் வீட்டு அடுக்களையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரிய மூன்று வழி. டப்பா மேலேயே எழுதி ஒட்டலாம். மேல் தட்டு முழுக்கப் பருப்பு, கீழ்த் தட்டு முழுக்க மசாலா என்று இடத்தை வைத்துப் பிரிக்கலாம். அல்லது "மூன்றாவது டப்பாவை எடு, அது துவரம் பருப்பு" என்று எடுக்கச் சொல்லும் சீட்டிலேயே எழுதிவிடலாம். லிஸ்ப் எழுதியவர்கள் மூன்றையும் செய்து பார்த்துவிட்டார்கள்!

முதலில் டப்பா. ஜான் மெக்கார்த்தி 1958-ல் எம்.ஐ.டி.யில் லிஸ்பைத் தொடங்கியபோது கையில் இருந்தது ஐ.பி.எம். 704. அதன் ஒரு சொல் 36 பிட். அதில் 15 பிட் 'அட்ரஸ்' பகுதி, 15 பிட் 'டெக்ரிமென்ட்' பகுதி, மிச்சம் 6 பிட். லிஸ்பின் புகழ்பெற்ற 'கார்', 'குடர்' என்ற பெயர்கள் இந்த இரண்டு பகுதிகளிலிருந்து வந்தவைதான். அடுத்து வந்த லிஸ்ப் 1.5-ல், பெயர்ச் சின்னமான அணுவின் முதல் பகுதியில் -1 என்ற எண்ணைப் போட்டு வைத்தார்கள். பொருளின் மேலேயே ஒட்டிய லேபிள் அது.

அடுத்தது தட்டு. பி.டி.பி.-10 கணினியில் சொல் 36 பிட், முகவரி 18 பிட். ஒரே சொல்லில் இரண்டு முகவரிகள் கச்சிதமாகப் பொருந்தின, ஒரு பிட்கூட மிச்சமில்லை. முத்திரை குத்த இடமே இல்லாதபோது என்ன செய்வது? எம்.ஐ.டி.யின் மேக்லிஸ்ப் மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் ஒரே வகைப் பொருள் என்று வைத்தது. பொருளின் முகவரியைப் பார்த்தால் பக்கம் தெரியும், பக்க அட்டவணையைப் பார்த்தால் வகை தெரியும். 'பெரிய பை நிறையப் பக்கங்கள்' என்ற அர்த்தத்தில் இதற்கு 'பிபாப்' என்று பெயர். கை ஸ்டீல் 1977-ல் இதை விளக்கி ஒரு கட்டுரையே எழுதினார்.

இதற்கெல்லாம் ஹார்டுவேரையே மாற்றிவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. 1970-களில் எம்.ஐ.டி.யில் லிஸ்ப் இயந்திரங்கள் பிறந்தன. 1983-ல் வந்த சிம்பாலிக்ஸ் 3600-ல் முத்திரைக்கென்றே சொல்லுக்குள் தனி பிட்கள். இரண்டு எண்களைக் கூட்டும்போதே, அவை எண்கள்தானா என்று சர்க்யூட் பக்கத்திலேயே சோதித்துவிடும். (உலகின் முதல் டாட் காம் பெயரை 1985-ல் பதிவு செய்ததும் இதே கம்பெனிதான்!) ஆனால் சாதாரண கணினிகள் விலை குறைந்து வேகம் கூடியதும் 1980-களின் கடைசியில் இந்தச் சந்தை சரிந்தது. லிஸ்ப் மறுபடி சாதாரண இயந்திரங்களுக்கே, அதாவது சி மொழிக்கு, வர வேண்டியதாயிற்று.

சி-யில் நம் சிலபஸில் வரும் வழி எளிது. ஸ்ட்ரக்சருக்குள் வகையைச் சொல்லும் ஓர் இன்டிஜர், பக்கத்தில் ஒரு யூனியன். சரியாகவே வேலை செய்யும். ஆனால் 32 பிட் கணினியில் ஒவ்வொரு மதிப்பும் 4 பைட்டுக்குப் பதில் 8 பைட் சாப்பிடும். லட்சக்கணக்கான பட்டியல் கண்ணிகள் இருந்தால் மெமரி இரண்டு மடங்கு.

அதனால்தான் மூன்றாவது வழியான சீட்டு, அதாவது பாயிண்டர். முகவரியில் சும்மா கிடக்கும் பிட்களில் முத்திரையைக் குத்திவிடுவது. ஓசி பிட்! இது இரண்டு இடத்தில் கிடைக்கும். பைட் கணக்கில் எண்ணும் கணினியில் ஒவ்வொரு பொருளையும் 8-ன் மடங்கில் வைத்தால் முகவரியின் கடைசி மூன்று பிட் எப்போதும் 0. அங்கே எட்டு வகை முத்திரை குத்தலாம். எண்களுக்கு 0 முத்திரை கொடுத்தால் இன்னும் வசதி, முத்திரையைக் கழற்றாமலே கூட்டலாம். இன்னொரு இடம் முகவரியின் மேல் முனை. "இவ்வளவு மெமரி யார் வாங்கப் போகிறார்கள்?" என்ற தைரியத்தில் எடுப்பது.

அந்தத் தைரியத்துக்கு விலை கொடுத்தது ஈமேக்ஸ். 1985-ல் வெளிவந்த இந்த எடிட்டருக்குள் சி-யில் எழுதிய லிஸ்ப் இன்டர்பிரட்டர் இருக்கிறது. அதன் 32 பிட் மதிப்பில் மேல் 8 பிட் முத்திரைக்கும் குப்பை சேகரிப்பின் குறிக்கும் போனது. எண்ணுக்கு மிஞ்சியது 24 பிட், அதிலும் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்கு. ஃபைலில் எந்த எழுத்தில் நிற்கிறோம் என்பதும் லிஸ்ப் எண்தான் என்பதால் 83,88,607-க்கு மேல் எண்ண முடியாது. அதாவது 8 எம்.பி.யைத் தாண்டிய ஃபைலைத் திறக்க முடியாது. டிஸ்க்கிலும் மெமரியிலும் இடம் இருந்தும்!

பிறகு நடந்தது பிட் பிட்டாக மீட்ட கதை. 1995-ல் வந்த 19.29 பதிப்பில் எண்ணுக்கு 28 பிட், வரம்பு 128 எம்.பி. ஆனது. 2007-ல் 22-ம் பதிப்பு குப்பை சேகரிப்பின் குறியை வேறு இடத்துக்குத் துரத்தியது, 256 எம்.பி. 2010-ல் 23.2 பதிப்பு எண்களுக்கு இரண்டு முத்திரைகளை ஒதுக்கி இன்னொரு பிட் சம்பாதித்தது, 512 எம்.பி. ஒரு பிட் கிடைத்தால் ஃபைல் அளவு இரட்டிப்பு. இதற்குத்தான் அத்தனை வருட உழைப்பு.

ஈமேக்ஸ் மட்டும் இல்லை. மோட்டோரோலா 68000 சிப் முகவரியின் மேல் 8 பிட்டைக் கண்டுகொள்ளாது. மெக்கின்டாஷ் அங்கே தன் குறிப்புகளை எழுதி வைத்தது. முழு 32 பிட்டையும் மதிக்கும் 68020 வந்ததும் பழைய புரோகிராம்கள் உதை வாங்கின. இதைப் பார்த்துத்தானோ என்னவோ, 2003-ல் வந்த ஏ.எம்.டி.யின் 64 பிட் சிப் கறாராக இருந்தது. முகவரிக்கு 48 பிட் மட்டும்தான் பயன்படும், ஆனால் மேல் 16 பிட்டில் கண்டதை எழுதி அந்த முகவரிக்குப் போனால் பிழை என்று நிறுத்திவிடும்.

அப்படியும் ஆசை விடவில்லை. ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி இரண்டின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின்களும் 'எண் அல்ல' என்று பொருள்படும் தசம எண் வடிவங்களுக்குள் பாயிண்டரை ஒளித்து வைக்கின்றன. புதிய சர்வர் சிப்களில் முகவரி 57 பிட்டாக வளர்ந்துவிட்டது. ஆனாலும் புரோகிராம் தானாகக் கேட்டால் ஒழிய லினக்ஸ் 47 பிட்டுக்கு மேல் உள்ள முகவரியைக் கொடுப்பதில்லை. காரணம், மேல் பிட்களில் சொந்தத் தகவலை எழுதும் புரோகிராம்கள் உடைந்துவிடும் என்பதுதான்.

ஆக, நீங்கள் சின்னதாக ஒரு லிஸ்ப் எழுதிப் பார்ப்பதாக இருந்தால் என் கட்சி இதுதான். முதலில் ஸ்ட்ரக்சர், யூனியன் போதும். வேகம் வேண்டுமென்றால் கீழ் பிட்டை எடுங்கள். பொருளை எங்கே வைப்பது என்பது உங்கள் கையில் இருப்பதால் அது உங்கள் சொத்து. மேல் பிட் அப்படியில்லை. சிப் செய்பவர் என்றைக்கு வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம்.

குப்பை சேகரிப்பின் கதை இதைவிட சுவாரசியம். அதை இன்னொரு நாள் பார்ப்போம்!