கோட்டை அழிந்தபின் எஞ்சிய வரைபடங்கள்: புதுச்சேரி

புதுச்சேரியில் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் நேர்த்தெருக்கள் பிரெஞ்சியர் வகுத்தவை என்பது பரவலான கருத்தாகும். பழைய படைத்துறை வரைபடங்கள் இக்கருத்தைத் திருத்துகின்றன. 1693இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர், 1697ஆம் ஆண்டு ரைஸ்விக் உடன்படிக்கையின்படி 1699இல் அதனைத் திருப்பியளித்தனர். அவ்விடைக்காலத்து டச்சு வரைபடங்களிலேயே இத்தெருவமைப்பு திட்டமாகக் காணப்படுவதை ஆய்வாளர் ழான் தெலோஷ் எடுத்துக்காட்டியுள்ளார்.

பிரெஞ்சியர் பின்னர் எழுப்பிய ஐங்கோணக் கோட்டை, 1761இல் நகர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின் தகர்க்கப்பட்டது. அதன் கொத்தளங்கள், அகழி, வாயில்கள் ஆகியவற்றின் அமைவிடத்தை அறிய இன்று வரைபடங்களே முதன்மைச் சான்றுகளாக உள்ளன.

எனினும், படைப்பொறியாளர் வரைந்தவை யாவும் ஒரு தன்மையன அல்ல. சில கட்டி முடிக்கப்பட்டதைக் காட்டுவன. சில கட்டக் கருதியதைக் காட்டுவன. முற்றுகையிட்ட பகைவர் வரைந்தவற்றில் கோட்டையின் உட்பகுதி ஊகமாகவும் அமையக்கூடும். ஆகவே, வரைந்தவர், காலம், நோக்கம் ஆகியவற்றை வரையறுத்து, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு போன்ற சமகாலப் பதிவுகளோடு ஒப்பிட்ட பின்னரே வரைபடத்தைச் சான்றாகக் கொள்ளுதல் தகும். இல்லையேல், எழுப்பப்படாத மதிலும் வரலாற்றில் இடம்பெற்றுவிடும்.