ஏட்டில் ஏறிய ஜாஸ்: பியானோ பயிற்சி நூல்களின் வரலாறு (1897–1989)

ஆய்வுச் சுருக்கம்

ஜாஸ் பியானோவை நூல்வழிக் கற்பிக்கும் முயற்சி அமெரிக்காவில் ராக்டைம் காலத்திலேயே தொடங்கிவிட்டது. சுரக்கூட்டுகளை எழுத்தில் வகைப்படுத்துவதில் இந்நூல்கள் படிப்படியாக முன்னேறின. தாள அசைவை எழுத்தில் பிடிப்பதிலோ தொடங்கிய இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத் தானியங்கிப் பியானோ, இசைத்தட்டு போன்ற ஒலிக்கருவிகள் காலந்தோறும் தேவைப்பட்டன. ஹார்னி, ஜோப்ளின், மெஹீகன், லெவைன் ஆகியோரின் நூல்களை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை இப்போக்கை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: ஜாஸ், ராக்டைம், பியானோ, பயிற்சி நூல், செவிவழிக் கல்வி, சுரக்கூட்டு, ஸ்விங்

முன்னுரை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தமிழர் வழக்கு. ஜாஸ் இசையைக் குறித்தும் இதே கருத்து நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி, செவிவழியாகவும் உடனிருந்து இசைக்கும் பழக்கத்தாலும் வளர்ந்த இவ்விசையை நூலைக் கொண்டு கற்க இயலாது என்பர். ஆயினும் ஜாஸ் என்னும் பெயர் வழக்கிற்கு வருமுன்பே, அதன் முன்னோடியான ராக்டைமைப் பியானோவில் கற்பிக்கும் நூல்கள் அச்சேறி விற்பனையாயின. நூலால் கற்பிக்க இயலாது எனப்பட்ட ஒன்றைக் கற்பிக்க நூல்கள் ஏன் தொடர்ந்து எழுதப்பட்டன? அவை எதைக் கற்பித்தன, எதை விட்டுவிட்டன?

இவ்வினாக்கள் கல்விமுறை பற்றியவை மட்டுமல்ல. ஆசானை அணுக வழியில்லாத சிற்றூர் மாணவர் ஒருவருக்கு இவ்விசைக்குள் நுழையும் வாயில் எதுவாக இருந்தது என்பதும், ஓர் இசைமரபின் உடைமை எவருடைய பெயரில் அச்சாயிற்று என்பதும் இவற்றுள் அடங்கும்.

பத்துப் பாடங்களில் ராக்டைம்

இவ்வகையின் முதல் நூலாகக் கருதப்படுவது பென் ஹார்னியின் பெயரில் 1897-இல் சிகாகோவில் வெளிவந்த ராக்டைம் பயிற்றி ஆகும். தியடோர் நார்த்ரப் என்பவர் அதனைப் பியானோவுக்கு அமைத்துத் தந்தார். அறிமுகமான பாடல் ஒன்றை எடுத்து, அதன் சுரங்களைத் தாளத் தட்டுகளிலிருந்து விலக்கி, ராக்டைம் நடைக்கு மாற்றும் முறையை அந்நூல் காட்டிற்று. எனவே ஹார்னியைப் பொறுத்தவரை ராக்டைம் என்பது ஓர் உருப்படியன்று, ஒரு செயல். எந்தப் பாடலையும் அச்செயலுக்கு உட்படுத்தலாம்.

சிகாகோவில் 1903-இல் பள்ளி தொடங்கிய ஆக்சல் கிறிஸ்டென்சன் இச்செயலைப் பெருவணிகமாக்கினார். பத்துப் பாடங்களில் ராக்டைம் கற்றுத் தரப்படும் என அவர் விளம்பரம் செய்தார். அவருடைய பயிற்சி நூல் பல பதிப்புகள் கண்டது. பள்ளியின் கிளைகள் பல நகரங்களில் தோன்றின. அமெரிக்கப் பியானோ உற்பத்தி 1909-ஆம் ஆண்டளவில் உச்சத்தை எட்டி, ஓராண்டில் மூன்றரை இலட்சத்தைக் கடந்தது என்பதை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் பியானோ வந்து அமர்ந்துவிட்டது. அதில் எதை இசைப்பது என்று அறியாத குடும்பங்களே கிறிஸ்டென்சனின் சந்தை.

இச்சூழலில் ஸ்காட் ஜோப்ளின் 1908-இல் வெளியிட்ட ராக்டைம் பள்ளி என்னும் சிறுநூல் தனித்து நிற்கின்றது. ஆறு பயிற்சிகளே கொண்ட இந்நூல், கிறிஸ்டென்சன் தந்த வாக்குறுதிக்கு நேர்மாறான குரலில் பேசுகின்றது. எழுதிய சுரம் ஒவ்வொன்றையும் எழுதியவாறே, உரிய கால அளவோடு இசைக்க வேண்டும். விரைவு கூடவே கூடாது. தேர்ந்த இசைஞரும் விரைவினால் இதன் பயனை இழந்துவிடுகின்றனர் என்பது ஜோப்ளினின் எச்சரிக்கை. ராக்டைம் அவருக்குச் செயலன்று, இயற்றப்பட்ட பனுவல். கறுப்பினக் கலைஞர் ஒருவரின் ஆக்கத்தைக் கண்டபடி திருத்தி இசைக்கலாம் என்றிருந்த காலத்தில், எழுதியவாறே இசைக்க என்று அச்சில் ஆணையிட்டதை இலக்கண வறட்சியாகக் கொள்ளலாகாது. அது ஆசிரியர் உரிமைக்கான குரல் எனக் கொள்வதே பொருந்தும்.

அந்நூலின் அச்சமைப்பும் கவனத்திற்குரியது. முதற்பயிற்சியில், இசைக்க வேண்டிய வரிகளுக்கு மேலாகக் கூடுதல் வரியொன்று இடம்பெறுகின்றது. அதில் அதே இசை, விலகல் ஏதுமின்றித் தட்டோடு ஒட்டி எழுதப்பட்டுள்ளது. அவ்வரி இசைப்பதற்கன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே என்று ஜோப்ளின் சொல்லிவிடுகின்றார். கீழ்வரியின் விலகிய சுரத்திலிருந்து மேல்வரியின் சுரங்களுக்குச் செங்குத்தான புள்ளிக்கோடுகள் செல்கின்றன. செவி உணர வேண்டிய தாள விலகலைக் கண்ணுக்குக் காட்டும் முயற்சி இது. பிற்காலத்தின் பருமனான நூல்கள் பலவற்றிலும் தாளம் குறித்து இத்துணை நுட்பமான விளக்கம் இல்லை என்பது வியப்பிற்குரியது.

தாளுருளை தந்த பாடம்

ஹார்லெம் பகுதியின் பியானோ கலைஞர்கள் இந்நூல்களால் உருவானவர்கள் அல்லர். வாடகைப் பணம் திரட்டுவதற்காக வீடுகளில் நடந்த இரவு விருந்துகளிலும், ஒருவரையொருவர் விஞ்ச முயன்ற போட்டிகளிலும் அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். ஃபாட்ஸ் வாலருக்கு ஜேம்ஸ் பி. ஜான்சன் நேரடி ஆசானாக வாய்த்தார். கவுன்ட் பேசியோ லிங்கன் திரையரங்கில் வாலரின் அருகே தரையில் அமர்ந்து, ஆர்கன் மிதிகளில் அவர் கால்கள் நகர்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

இவ்வாய்ப்புக் கிட்டாதவர்களுக்கு உதவியது தானியங்கிப் பியானோ. துளையிட்ட தாளுருளை சுழலும்போது காற்றழுத்தத்தால் கட்டைகள் தாமே கீழிறங்கும். வாஷிங்டன் நகரில் இளைஞராயிருந்த டியூக் எலிங்டன் ஜான்சனின் 'கரோலினா ஷவுட்' உருப்படியைக் கற்ற விதம், 1973-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் பதிவாகியுள்ளது. டிரம் இசைஞரான நண்பர் ஒருவர் உருளையின் வேகத்தைக் குறைத்துத் தர, எலிங்டன் இறங்கும் கட்டைகளின் மீது தம் விரல்களை வைத்து ஒவ்வோர் அசைவாகப் பயின்றார். பின்னர் ஜான்சன் வாஷிங்டனுக்கு வந்தபோது அவர் முன்னிலையிலேயே அதனை இசைத்தும் காட்டினார். ஆசான் அங்கே இல்லை, ஆசானின் விரல் பதிந்த கட்டைகள் மட்டும் இருந்தன. கட்டை எப்போது இறங்குகின்றது, எவ்வளவு நேரம் இறங்கியே கிடக்கின்றது என்பதை ஜோப்ளினின் புள்ளிக்கோடுகளைவிட இவ்வுருளை தெளிவாகக் காட்டிற்று.

அச்சுநூல்களும் இக்காலத்தில் ஓயவில்லை. 'கிட்டன் ஆன் தி கீஸ்' என்னும் உருப்படியால் புகழ்பெற்ற செஸ் கான்ஃப்ரே 1923-இல் வெளியிட்ட பயிற்சி நூல் நன்கு விற்பனையாயிற்று. ஆயினும் அது கற்பித்தது பெரும்பாலும் விரல் வேடிக்கைகளையே. மனோதர்மத்திற்கு, அதாவது மேடையிலேயே புதிதாகப் புனைந்து இசைப்பதற்கு, அதில் வழியில்லை.

அறுபது சுரக்கூட்டுகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜாஸ் கல்வி நிறுவனங்களுக்குள் நுழைந்தது. 1945-இல் பாஸ்டனில் தொடங்கப்பெற்ற ஷில்லிங்கர் இல்லம் 1954-இல் பெர்க்லி எனப் பெயர் மாறிற்று. பாடத்திட்டம் என்று ஒன்று வந்த பின்னர்ப் பாடநூல் தேவைப்படுவது இயல்பு. நியூயார்க்கின் ஜூலியர்ட் பள்ளியில் கற்பித்த ஜான் மெஹீகன் 1959-க்கும் 1965-க்கும் இடையில் நான்கு தொகுதிகளை வெளியிட்டார். முதல் தொகுதிக்கு முன்னுரை வழங்கியவர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன். செவ்வியல் இசை உலகின் நுழைவுச்சீட்டு என்றே அம்முன்னுரையைக் கொள்ளலாம்.

மெஹீகனின் அணுகுமுறை இலக்கண ஆசிரியருடையது. கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளை அவர் ஐந்து வகைகளாகப் பகுத்தார். பன்னிரு சுரத்தானங்களிலும் அவ்வைந்தும் அமையவே அறுபது சுரக்கூட்டுகள் கிடைக்கின்றன. மாணவர் முதலில் இவ்வறுபதையும் கைவசமாக்க வேண்டும். பாடல்களின் சுரக்கூட்டுகள் எழுத்துப் பெயர்களால் குறிக்கப்படாமல் ரோமானிய எண்களால் குறிக்கப்பட்டன. ஆதலால் ஒரு பாடலை எந்தச் சுருதியிலும் இசைக்கும் ஆற்றல் மாணவர்க்குக் கைகூடும். மனப்பாடத்தை அமைப்பறிவாக மாற்றியது இம்முறையின் பெரும் சிறப்பு.

பின்வந்த தொகுதிகள் தனிக் கலைஞர்களின் நடைகளைப் பாடங்களாக்கின. பட் பவலின் இடக்கை பெரும்பாலும் இரு சுரங்களை மட்டுமே தொட்டுச் செல்லும். மூன்றாம் தொகுதி வெளிவந்த 1964-இல் பவல் உயிரோடிருந்தார்; உடல்நலம் குன்றியிருந்த அவர் 1966-இல் மறைந்தார். வாழும் கலைஞர் ஒருவரின் கைப்பழக்கம் அவர் காலத்திலேயே எவர்க்கும் உரிய பயிற்சியாகிவிட்டது. கிறிஸ்டென்சன் முதல் மெஹீகன் வரை வெள்ளையினத்தவரின் பெயர்களே பெரும்பாலும் நூல்முகப்பில் இடம்பெற்றன. உள்ளே இருந்த செல்வத்தின் பெரும்பகுதி கறுப்பினக் கலைஞர்களுடையது.

நான்காம் தொகுதி முன்வைத்த சுரக்கூட்டு முறையைச் சற்று விரிவாகக் காண்பது தகும். 1950-களின் இறுதியில் பில் எவன்ஸ், ரெட் கார்லண்ட், வின்ட்டன் கெல்லி முதலியோர் சுரக்கூட்டின் ஆதார சுரத்தையே இடக்கையில் விட்டுவிட்டு இசைத்தனர். டி மைனர் செவந்த் என்னும் கூட்டிற்கு எஃப், ஏ, சி, இ ஆகிய நான்கையும் இசைப்பர். டி அதில் இராது. அடுத்து வரும் ஜி செவந்த் கூட்டிற்கு, சி என்னும் ஒரு சுரம் மட்டும் அரைச்சுரம் இறங்கி பி ஆகும். எஞ்சிய மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். கை ஏறக்குறைய அசைவதே இல்லை. இசைத்தட்டைப் பன்முறை கேட்டும் பலருக்குப் பிடிபடாத இந்நுட்பத்தை நூல் ஒரு பக்கத்தில் விளக்கிவிட்டது. ஏட்டுக் கல்வியின் வெற்றியை ஐயமின்றிக் காட்டும் இடம் இது.

அதன் குறையும் இதே இடத்தில்தான் வெளிப்படுகின்றது. ஆதார சுரத்தை எவன்ஸ் விட்டதற்குக் காரணம், அருகில் நின்ற பாஸ் இசைஞர் அதனை இசைத்தார் என்பதே. வீட்டில் தனித்து அமர்ந்து பயிலும் மாணவர்க்குப் பாஸ் இசைஞர் இல்லை. அவர் எஃப், ஏ, சி, இ ஆகியவற்றை இசைத்தால் செவியில் விழுவது டி மைனர் செவந்த் அன்று. எஃப் மேஜர் செவந்த் என்னும் முற்றிலும் வேறான கூட்டு. நூல் சொல்வது ஒன்று, காது கேட்பது வேறொன்று. குழுவில் பிறந்த ஒரு நுட்பம், குழு இல்லாத அறைக்கு அனுப்பப்பட்டதன் விளைவு இது.

இல்லாத துணைவர்

இந்த வெற்றிடத்தை நிரப்பியது ஜேமி ஏபர்சோல்டின் இசைத்தட்டுத் தொடர். 1967-இல் தொடங்கிய இத்தொடரில் நூலோடு இசைத்தட்டும் வழங்கப்பட்டது. பியானோ ஒரு பக்க ஒலிபெருக்கியிலும் பாஸ் மறுபக்க ஒலிபெருக்கியிலும் ஒலிக்குமாறு பதிவு அமைந்தது. பியானோ மாணவர் ஒலிச்சமன் குமிழைத் திருப்பித் தட்டிலுள்ள பியானோவை அடக்கிவிட்டு, அவ்விடத்தில் தம்மைப் பொருத்திக்கொள்ளலாம். பாஸ் வந்துவிட்டது, டி மைனர் செவந்த் மீண்டும் டி மைனர் செவந்தாக ஒலித்தது. ஆயினும் இத்துணைவர்கள் மாணவரைக் கேட்பதில்லை. அவர் தடுமாறினாலும், எழுச்சியுற்றாலும் அவர்கள் ஒரே வகையில் இசைத்துச் செல்வர். இக்குறையை எந்தத் தொழில்நுட்பமும் அக்காலத்தில் தீர்க்கவில்லை.

தாள அசைவின் நிலையும் நோக்கத்தக்கது. ஒரு தட்டுக்குள் இரு சுரங்கள் வரும்போது முதலாவது நீண்டும் இரண்டாவது குறுகியும் ஒலிப்பது ஸ்விங் நடையின் இயல்பு. பயிற்சி நூல்கள் இவற்றைச் சம அளவில் எழுதிவிட்டு, இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் இசைக்குமாறு குறிப்புத் தருவது வழக்கம். ஜாஸ் இசைத்தட்டுகளில் டிரம் இசைஞர்களின் வாசிப்பை அளந்து ஃபிரைபெர்க், சண்ட்ஸ்ட்ரோம் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, அவ்விகிதம் நிலையானதன்று எனக் காட்டிற்று. மெதுவான காலப்பிரமாணத்தில் அது மூன்றரைக்கு ஒன்று வரை செல்கின்றது. மிக விரைவான காலப்பிரமாணத்தில் ஏறத்தாழச் சமமாகிவிடுகின்றது. நூலின் குறிப்பு நடுத்தர வேகத்திற்கே ஓரளவு பொருந்தும்.

மார்க் லெவைனின் ஜாஸ் பியானோ நூல் 1989-இல் கலிஃபோர்னியாவிலிருந்து வெளிவந்து, உலகெங்கும் பயிலப்படும் பாடநூலாயிற்று. லெவைன் மேடைக் கலைஞர். ஜாக்கி பையர்டிடம் பயின்றவர். இடக்கையில் ஆதார சுரம், வலக்கையில் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் என்ற எளிய மூன்று சுர அமைப்பில் தொடங்கி, ஆதாரமற்ற கூட்டுகளுக்குப் பின்னரே மாணவரை அழைத்துச் செல்கின்றார். தனித்துப் பயில்பவரின் செவிக்கு இவ்வரிசை மெஹீகனின் முறையைவிட இணக்கமானது. ஒரு நுட்பத்தைக் கூறுமிடத்து அதனை எந்தக் கலைஞர் எந்த இசைத்தட்டில் கையாண்டார் எனச் சுட்டிச் செல்வதும் அவர் வழக்கம். உடைமையாளர்களின் பெயர்கள் இவ்வாறு நூலின் உள்ளே இடம்பெற்றன. அத்துடன் கேட்க வேண்டிய இசைத்தட்டுகளின் நீண்ட பட்டியலும் நூலில் உண்டு.

இக்காலத்திலேயே டெட்ராய்ட் நகரில் வளர்ந்த பேரி ஹாரிஸ் வேறு வழியில் சென்றார். 1982 முதல் 1987 வரை நியூயார்க்கில் ஜாஸ் பண்பாட்டு அரங்கை நடத்திய அவர், அதன் பின்னரும் 2021-இல் மறையும் வரை வகுப்புகளைத் தொடர்ந்தார். மாணவர்கள் பியானோவைச் சூழ்ந்து நிற்க, அவர் ஒரு தொடரைப் பாடிக்காட்டுவார். அவர்கள் திருப்பி இசைப்பர். தவறினால் மீண்டும் பாடுவார். சுரக்கூட்டுகளைத் தனித்தனியே அடுக்குவதை விடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நகரும் அசைவையே அவர் வலியுறுத்தினார். இவ்வகுப்பறைக்கு வர இயலாதவர்களுக்காக, அவருடைய மாணவர் ஹவர்ட் ரீஸ் அப்பாடங்களைத் தொகுத்து 1994-இல் பயிற்சி நூலாக்கினார். அந்நூல் காணொளிப் பதிவுடன் சேர்ந்தே வெளிவந்தது.