மாத்திரையும் ஒலிப்பதிவும்

ஒலிக்கு அளவுகோல் காலமே என்பதைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தது. கண்ணிமைக்கும் பொழுதையும் விரல் நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கூறுகிறது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நாமும் வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பித்து வருகிறோம். ஆயினும், அந்த ஒரு மாத்திரை பிந்தினால் ஒரு பாட்டுக்கு என்ன நேரும் என்பதை நான் கண்கூடாக அறிந்தது, ஐம்பது அகவை கடந்தபின், ஒரு கணினியின் முன் அமர்ந்தபோதுதான்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் திரை வழியே நடந்தன. அக்காலத்தில் தான் பாடம் நடத்தும் குரலைப் பதிவு செய்யக் கற்றுக்கொள்ளாத ஆசிரியர் அரியர். பள்ளிகள் மீண்டும் திறந்தபின், அந்தப் பயிற்சியை நல்லதொரு பணிக்குப் பயன்படுத்தலாம் என்று 2022-இல் எங்கள் பள்ளியில் முடிவு செய்தோம். தோட்டப்புறத்தில் பாடப்பெற்ற தாலாட்டுகளையும் வேலைப் பாட்டுகளையும், அவற்றைப் பாடியவர்கள் இருக்கும்போதே பதிந்து வைப்பது என்பதே அப்பணி.

எங்கள் மாணவி ஒருத்தியின் பாட்டி, எதிர்க்கரையாகிய செபராங் பிறையில் இளமை முழுதும் பால்மரம் சீவியவர். எண்பதை எட்டிய அம்மூதாட்டியார் படகேறி ஜார்ஜ் டவுனுக்கு வந்து, பள்ளி நூலக அறையில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். அவர் செவிகளில் ஹெட்போனை நானே மாட்டிவிட்டேன். பாடத் தொடங்கினார். கணினியில் பதிந்த ஒலியோ, வாணலியில் கடலை பொரிவதுபோல் படபடத்தது. மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அங்குக் கண்ட எண்ணொன்றை 2048 ஆக உயர்த்தினேன். படபடப்பு நின்றது. சிக்கல் தீர்ந்தது என்று மகிழ்ந்தேன்.

ஆனால், பாட்டி பாடப் பாட நடை தளர்ந்தது. சொற்கள் இழுபட்டன. மூன்றாம் அடியில் நின்றுவிட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "வாத்தியாரய்யா, எனக்கு வயசாயிடுச்சு. தாளம் கையில நிக்கமாட்டேங்குது. வேற யாரையாச்சும் பாத்துக்குங்க" என்றார். "இருக்கட்டும் பாட்டி, ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவரை வழியனுப்பி வைத்தேன். அவர் கூறியதை நானும் நம்பிவிட்டேன் என்பதுதான் இன்றும் என் நெஞ்சை உறுத்துவது. பிழை அவர் குரலில் இல்லை. நான் உயர்த்திய அந்த எண்ணில் இருந்தது. அதனைப் புரிந்துகொள்ள ஒலிப்பதிவின் வரலாற்றையே நான் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

குழலும் இசைத்தட்டும்

1877-இல் எடிசன் தம் ஒலிப்பதிவுப் பொறியை உருவாக்கினார். 1887-இல் எமில் பெர்லினர் தட்டில் பதியும் கிராமபோனுக்கு வழிவகுத்தார். 1902-ஆம் ஆண்டு நவம்பரில், பிரெட் கைஸ்பர்க் என்னும் பதிவாளர் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். அதே கீழ்த்திசைப் பயணத்தில், 1903-இல் அவர் சிங்கப்பூருக்கும் வந்து மலாய்ப் பாடல்களைப் பதிந்தார்.

அந்நாளில் ஒலிவாங்கி இல்லை. பாடுவோர் பெரியதொரு குழலின் வாயருகே நின்று உரக்கப் பாடுவர். அந்த ஒலியதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடிழுக்கும். தட்டில் இடமோ ஏறத்தாழ மூன்று மணித்துளிகளுக்கு மட்டுமே. விரிவாகப் பாட வேண்டிய இராகத்தைச் சுருக்கிப் பாடிய வித்துவான்களின் மனவருத்தம் எத்தகையதாயிருந்திருக்கும்! எனினும், ஒரு நன்மை இருந்தது. பாடுபவர் தம் குரலைக் காற்றின் வழியே தாமே கேட்டார். வாய்க்கும் செவிக்கும் இடையே எந்தப் பொறியும் குறுக்கிடவில்லை. 1925-இல் மின்வழி ஒலிப்பதிவு வந்தபின்னும் இந்நிலை மாறவில்லை. பினாங்கில் 1934-இல் வானொலிச் சங்கத்தார் தொடங்கிய ஒலிபரப்பில் தமிழ் நிகழ்ச்சியும் இடம்பெற்றது. அங்கும் பாடியவரின் குரல் அக்கணமே காற்றில் ஏறியது.

குரலும் காலமும் பிரிந்த கதை

தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. தொடக்க காலப் படங்களில் நடிகரே கேமராவின் முன் பாட வேண்டும்; பக்கவாத்தியக்காரர்கள் அப்படத்தில் தெரியாதவாறு மறைந்திருந்து வாசிப்பர். 1938-இல் ஏ.வி. மெய்யப்பன் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாடலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். பாடும் நேரமும் வாயசைக்கும் நேரமும் அன்று வெவ்வேறாயின. பிரிந்த இரண்டையும் மீண்டும் பொருத்தியாக வேண்டிய கடமை அன்றுமுதல் ஒலிப்பதிவாளர்க்கு வந்து சேர்ந்தது.

1935-இல் செருமனியில் காந்த நாடாப் பொறி காட்சிக்கு வைக்கப்பட்டது. பதிந்த பாட்டைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் வேறொரு குரலைச் சேர்த்துப் பதிய இசைவாணர்கள் அதனைக் கையாண்டனர். அங்கேதான் இடையூறு எழுந்தது. பொறியில் பதியும் தலைப்பும் ஒலிக்கும் தலைப்பும் சற்று இடைவெளிவிட்டு அமைந்திருந்தன. நாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடுவதாகவும், அவ்விடைவெளி ஒன்றரை அங்குலம் என்றும் கொள்வோம். பழைய குரலைக் கேட்டுப் பாடிய புதிய குரல், பத்தில் ஒரு விநாடி விலகிப் பதியும். 1950-களின் நடுப்பகுதியில் ஆம்பெக்சு நிறுவனத்தார் இதற்குத் தீர்வு கண்டனர். பதியும் தலைப்பையே அந்நேரம் கேட்கும் தலைப்பாகவும் பயன்படுத்தி இடைவெளியை ஒழித்தனர். அம்முறையில் அமைந்த எட்டுத்தடப் பொறி 1957-இல் இசைக்கலைஞர் லெஸ் பாலின் கைக்குச் சென்றது.

அதே நாடாப் பொறி மற்றோர் உண்மையையும் காட்டிற்று. தம் பேச்சைத் தாமே சற்றுப் பிந்திக் கேட்குமாறு செய்தால், நன்கு பேசுவோரும் திக்குவர், தடுமாறுவர், நடை தளர்வர் என்பதை 1950-இல் பெர்னார்டு லீ என்னும் ஆய்வாளர் எடுத்துரைத்தார். ஐந்தில் ஒரு விநாடி அளவுப் பிந்தலில் இத்தடுமாற்றம் மிகுதி என்று பின்வந்த ஆய்வுகள் கூறின. இதனைப் படித்த அன்றே, எங்கள் நூலக அறையில் பாட்டிக்கு நேர்ந்தது யாது என்பது எனக்கு விளங்கிவிட்டது.

கணினி வந்த பின்னர்

1982-இல் குறுவட்டு விற்பனைக்கு வந்தது. அதில் ஒலி, விநாடிக்கு 44,100 கூறுகளாக அளந்து எண்களாகப் பதியப்படுகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும்; அதன் இருமடங்குக்கு மேல் அளந்தாலன்றி ஒலியை முழுமையாக மீட்டெடுத்தல் இயலாது. இந்த எண் அமைந்ததற்கு அடிப்படை அதுவே. 1983-இல் மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று உரையாடுவதற்குரிய 'மிடி' என்னும் பொதுநெறி பிறந்தது. 1992-இல் 'ரோஜா' வெளிவந்தபோது, கணினியும் மின்னிசைக் கருவியும் இணைந்து தரக்கூடிய ஓசை எத்தகையது என்பதைத் தமிழுலகம் கேட்டு வியந்தது. பினாங்கு ஸ்திரீட்டின் கடைகளிலிருந்து அப்பாடல்கள் தெருவெங்கும் ஒலித்ததை என் வயதொத்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

கணினியே ஒலிப்பதிவுக் கூடமானபோது பழைய இடையூறு புதிய வடிவில் திரும்பிற்று. விண்டோசு இயங்குதளம் ஒலியைத் தன் பொதுவழியிலே பல படிகளைக் கடத்தி அனுப்பியது. அதனால் நூறு மில்லி விநாடிக்கு மேலும் பிந்துதல் உண்டு. 1997-இல் ஹாம்பர்க்கு நகரத்து ஸ்டைன்பர்க் நிறுவனம் 'ஏசியோ' என்னும் நேர்வழியை வகுத்தது. இயங்குதளத்தின் பொதுக் கலவையைத் தவிர்த்து, பதிவு மென்பொருளும் ஒலிக்கருவியும் நேரடியாகப் பேசிக்கொள்ள அது துணைசெய்தது. மென்பொருளுக்கும் கருவிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்போல் நிற்கும் நிரலையே 'டிரைவர்' என்கின்றனர். மொழிபெயர்ப்பாளர் மந்தமானால் உரையாடலும் மந்தமாகும் அன்றோ?

பால்வாளியின் பாடம்

இனி, நான் உயர்த்திய அந்த எண்ணுக்கு வருவோம். அதன் பெயர் 'பஃபர்'. கணினி ஒலிக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கையாள்வதில்லை. ஒரு வாளி நிறையச் சேர்த்தே கையாளும். தோட்டத்தில் பிறந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. பால் வடிந்துகொண்டே இருக்கிறது. வாளி சிறிதாயின் அடிக்கடி ஓடவேண்டும். ஓடுபவர் சற்றுத் தாமதித்தால் பால் வழிந்து வீணாகும். வாளி பெரிதாயின் ஓட்டம் குறையும். ஆனால், பால் கொட்டகைக்கு வந்து சேர நேரமாகும். கணினியில் வழிந்து வீணாகும் ஒலிக்கூறுகளே நாம் கேட்ட படபடப்பு. காத்திருந்து வந்து சேர்வதே தாமதம். ஒன்றைத் தணித்தால் மற்றொன்று தலைதூக்கும் என்பதை அறியாமல்தான் நான் ஒன்றை மட்டும் தீர்த்தேன்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 2048 கூறுகளை 44,100-ஆல் வகுத்தால் 46 மில்லி விநாடி. உட்செல்ல ஒருமுறை, வெளிவர ஒருமுறை என இருமடங்காக்கினால் 93 மில்லி விநாடி. விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும் ஒலி, அந்நேரத்தில் 32 மீட்டர் கடந்துவிடும். தைப்பூச ஊர்வலத்தில் உறுமி மேளத்திற்கு அவ்வளவு தொலைவில் பின்தங்கி நடப்பவர் கைத்தாளம் போட்டால் எப்படி விலகுமோ, அப்படித்தான் பாட்டியின் செவிக்கு அவர் குரலே விலகி வந்திருக்கிறது. அவரோ, வந்து சேராத தம் குரலுக்காகக் காத்துக் காத்துப் பாடியிருக்கிறார். வாளியை 128 ஆகக் குறைத்தால் இந்தத் தொலைவு இரண்டு மீட்டராகச் சுருங்கும். அது திண்ணையில் எதிரே அமர்ந்து கேட்கும் தொலைவு.

பள்ளிகளில் இப்பணியை மேற்கொள்ளும் ஆசிரியர்க்கு நான் கற்றவற்றை வரிசைப்படுத்திக் கூறுதல் பயனுடையதாகும். முதலாவதாக, ஒலிக்கருவியைச் செய்தவர்கள் வழங்கும் டிரைவரையே நிறுவி, மென்பொருளில் அதனையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவதாக, மென்பொருளும் கருவியும் ஒரே அளவீட்டில் இயங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். 44,100-இல் பதிந்ததை 48,000-இல் ஒலித்தால் பாட்டு விரைந்து, சுருதியும் ஏறிவிடும். மூன்றாவதாக, பதியும்போது வாளி சிறிதாக இருக்கட்டும். பதிந்தவற்றைச் சீர்செய்யும்போது பெரிதாக்கலாம். நான்காவதாக, வாளி சிறிதாகிப் படபடப்பு எழுந்தால், உடனே வாளியைப் பெரிதாக்காமல், ஓடுபவரின் சுமையைக் குறைக்க வேண்டும். வேண்டாத நிரல்களை மூடுதல், மடிக்கணினியின் மின்சிக்கன அமைப்பை நீக்கி முழுத்திறனில் இயங்கவிடுதல், இணையத் தொடர்பைத் துண்டித்தல் ஆகியவை அதற்குரிய வழிகள். இவை எல்லாவற்றினும் சிறந்ததொன்று உண்டு. பாடுபவர் குரலைக் கணினிக்குள் அனுப்பிக் கேட்காமல், ஒலிக்கருவியிலிருந்தே நேராகக் கேட்கும் வசதி பல கருவிகளில் உள்ளது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எங்கள் கருவியிலும் அப்பொத்தான் முதல் நாளே இருந்தது.

மீண்டும் ஒரு பதிவு

இவற்றையெல்லாம் அறிந்துகொள்ள எனக்கு ஐந்து திங்கள் ஆயின. மறுமுறை அழைத்தபோது பாட்டி வர மறுத்துவிட்டார். "பள்ளிக்கூடத்துல வச்சுப் பிள்ளைங்க முன்னாடி அவமானமாப் போச்சு" என்று பெயர்த்தியிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே, கருவிகளைத் தூக்கிக்கொண்டு நானே படகேறி அவர் இல்லம் சென்றேன். "பாட்டி, அன்று தவறியது உங்கள் தாளம் அன்று; என் பொறியின் தாளம். என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றேன். அவர் சற்றுநேரம் என்னையே பார்த்தார். பிறகு, "அப்ப நான் நல்லாத்தான் பாடினேனா?" என்று கேட்டார்.

அன்று மூன்று பாட்டுகள் பதிந்தோம். குரலில் நடுக்கம் இருந்தது. காலத்தில் ஒரு பிழையும் இல்லை. முதல் நாள் மூன்றாம் அடியில் நின்றுபோன பாட்டைப் பாடுமாறு கேட்டபோது, எவ்வளவோ முயன்றும் அதன் எஞ்சிய அடிகள் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த இரண்டரை அடிகள், படபடப்போடும் தளர்ச்சியோடும், எங்கள் பள்ளிக் கணினியில் இன்றும் அப்படியே இருக்கின்றன. அவற்றை நான் அழிக்கவில்லை.

கிராமபோன் குழல் முதல் கணினி வரை நூறாண்டுக்கு மேலாக வளர்ந்த இக்கலை, மனிதன் பாடும் காலத்தோடு பொறியின் காலத்தைப் பொருத்தும் முயற்சியாகவே எனக்குத் தோன்றுகிறது. பொருந்தாதபோதெல்லாம் பாடுபவரே தம்மை நொந்துகொள்கிறார். வகுப்பறையிலும் இதனைக் காண்கிறோம். நம் கேள்விக்கு உடனே விடை கூறாத பிள்ளையை மந்தம் என்று முடிவு கட்டுமுன், நாம் கேட்ட விதம் சரியாக அமைந்ததா என்று ஒருமுறை பார்த்தோமா? காலமறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். தோட்டப்புறப் பாட்டுகளைச் சுமந்து நிற்கும் முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். கருவியை முன்னரே சோதித்துச் சீர்செய்துகொண்டு, அவர்களை நாடிச் செல்லும் காலம் இதுவே. ஆசிரியப் பெருமக்களும் மாணவ மணிகளும் இப்பணியில் இன்றே இறங்குவார்களாக.